காய்ச்சல் விட்ட நாள்

எங்கள் தென்காசி வீட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று தீர்மானிக்கும் அதிகாரம் தெர்மாமீட்டருக்குக் கிடையாது, டாக்டருக்கும் கிடையாது. அந்த அதிகாரம் முழுவதும் என் மாமியாரின் புறங்கைக்குத்தான். குழந்தையின் கழுத்தடியில் புறங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருப்பார். பிறகு, "நூத்தி ஒண்ணு இருக்கும்" என்பார். சென்னையிலிருந்து நான் கொண்டு போயிருந்த தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் இரண்டு புள்ளி கூடவோ குறையவோ இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். குழந்தைகளும் தெருக்காரர்களும் ஆச்சி என்பார்கள். எழுதும்போது எனக்கும் ஆச்சி என்றுதான் வருகிறது, அப்படியே இருக்கட்டும்.

2012-ஆம் வருஷம் ஆனி மாதம் என் கொழுந்தனாருக்குக் கல்யாணம். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே, ஆறு வயதுப் பையனைப் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் செய்து அழைத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்போது தென்காசி தனி ஜில்லா ஆகவில்லை. 2019 நவம்பரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அந்த வருஷம் சாரல் நன்றாகவே இருந்தது. காசி விசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நின்றால் காற்று புடவைத் தலைப்பைப் பிடுங்கிக்கொண்டு போகும். கல்யாணம் முடிந்த மறுநாள், சம்பந்தி வீட்டார் உட்பட முப்பது பேர் வேன் பிடித்துக் குற்றாலத்துக்குப் போனோம். பேரருவியில் கூட்டம் என்று ஐந்தருவிக்கு ஓடி, அங்கும் கூட்டம் என்று மறுபடியும் பேரருவிக்கே வந்தோம். என் பையன் மூன்று தரம் குளித்தான். நாலாவது தரம் குளிக்க விடவில்லை என்று வழி நெடுக அழுதுகொண்டு வந்தான்.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் அவனுக்கு உடம்பு கொதித்தது.

"அருவியில் ஆட்டம் போட்டான் அல்லவா?" என்றேன் நான்.

ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏட்டி, அருவித் தண்ணியில காய்ச்சல் வராது. அது மூலிகைத் தண்ணி. ஈரத் தலையோட ஐஸ்கிரீம் தின்னான்லா, அதான்" என்றார். குற்றாலத்தைக் குறை சொன்னால் தென்காசிக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன். பின்னால் தெரிந்தது, குற்றவாளி அருவியும் இல்லை, ஐஸ்கிரீமும் இல்லை என்று.

*

அந்த வருஷம் அந்தப் பக்கமெங்கும் டெங்குக் காய்ச்சல். பக்கத்துக் கடையநல்லூரில் வீட்டுக்கு வீடு படுத்திருந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளிலேயே நிலவேம்புக் குடிநீர் காய்ச்சிக் கொடுத்தார்கள். தூக்குவாளியும் தம்ளருமாக ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். ஆச்சிக்கு அந்த வரிசையில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பரம்பரை வைத்தியர் இருந்தார். எண்பதை எட்டியவர். அவரிடமிருந்து பொடி வந்துவிட்டது.

நிலவேம்புக் குடிநீர் என்றால் நிலவேம்பு மட்டும் அல்ல. வெட்டிவேர், விலாமிச்சம் வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம், இவற்றோடு நிலவேம்பு. ஆக ஒன்பது சரக்கு. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் கால்வாசியாகச் சுண்ட வேண்டும். காலையில் காய்ச்சியதைச் சாயங்காலத்துக்கு வைக்கக் கூடாது. வெட்டிவேரும் சந்தனமும் வாசனைக்குச் சேர்த்திருப்பார்களோ என்று நினைத்து நான் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். அப்பப்பா! அன்று முழுவதும் காப்பிகூட எனக்குக் கசந்தது.

பையன் தம்ளரைக் கண்டதும் போர்வைக்குள் போய்விட்டான். ஆச்சி ஒரு கையில் மருந்தும் மறு கையில் கருப்பட்டித் துண்டுமாக, "எம் ராசால்லா, ஒரே முழுங்கு" என்று பின்தொடர்ந்தார். கடைசியில் பாதி வயிற்றுக்கும் பாதி தலையணைக்கும் போயிற்று.

நானும் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். "வைரஸ் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. பாரஸிட்டமால் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின் வேண்டாம், வேறு வலி மாத்திரையும் வேண்டாம். தண்ணீர், கஞ்சி, இளநீர் நிறையக் குடிக்கட்டும். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு வாருங்கள்" என்றார். மருந்தை வாங்கி என் கைப்பைக்குள் வைத்தேன். ஆச்சி அசந்த நேரம் பார்த்து நான் என் மருந்தைக் கொடுப்பேன். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து ஆச்சி தன் மருந்தைக் கொடுப்பார். நடுவில் அகப்பட்ட குழந்தை இரண்டு கட்சிக்கும் பொதுவாக அழுதுகொண்டிருந்தான்.

வியாழக்கிழமை மூன்றாம் நாள். பரிசோதனைக்குப் போக வேண்டும். அன்று மறுவீட்டு விருந்து. "நாளைக்குப் போனால் போகிறது" என்று நான்தான் தள்ளிப் போட்டேன். இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை, ஆச்சி புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "காய்ச்சல் விட்டுட்டு!" என்று கூவினார். தெர்மாமீட்டரும் ஆமாம் என்றது. வீடே குதூகலப்பட்டது. ஆச்சி பிள்ளையாருக்குத் தேங்காய் விடலை போட்டார். "பாத்தியா எங்க வைத்தியத்தை!" என்று அவர் முகம் சொல்லிற்று. "பார்த்தீர்களா என் பாரஸிட்டமாலை!" என்று என் மனசு சொல்லிற்று. ஜெயித்தது யார் என்பதில்தான் எங்களுக்குள் வழக்கே ஒழிய, ஜெயித்தாகிவிட்டது என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகம் இல்லை.

குழந்தை மட்டும் எழுந்து விளையாட வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். இரண்டு தரம் வாந்தி எடுத்தான். உள்ளங்கால் ஜில்லென்றிருந்தது. "காய்ச்சல் விட்ட சோர்வு. உடம்பு குளுந்துட்டு, நல்லது" என்றார் ஆச்சி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

பத்து மணி சுமாருக்கு வைத்தியரே வந்தார். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், வேஷ்டி வைத்து ஆச்சி சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவர் தட்டைப் பார்க்கவில்லை. குழந்தையின் காலைத் தொட்டுப் பார்த்தார். நாடி பார்த்தார். வயிற்றை மெல்ல அழுத்தியதும் அவன் வீறிட்டான்.

"காய்ச்சல் எப்ப விட்டுது?"

"விடியக் காலம்பற, வைத்தியரையா."

"ஒண்ணுக்கு எப்பப் போனான்?"

ஆச்சி என்னைப் பார்த்தார். நான் ஆச்சியைப் பார்த்தேன். இரண்டு மருந்துகளையும் வேளை தவறாமல் கொடுத்த எங்களில் ஒருவருக்கும் இதற்குப் பதில் தெரியவில்லை. யோசித்துப் பார்த்ததில், முதல் நாள் ராத்திரிக்குப் பிறகு போகவே இல்லை.

"ஆச்சி, இந்த நிமிஷம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இந்தக் காய்ச்சல்ல விட்ட நாள்தான் மோசமான நாள். எம் பேத்தி பாளையங்கோட்டை சித்த வைத்தியக் காலேஜுல படிக்கா. அவதான் படிச்சுப் படிச்சு எனக்குச் சொன்னா."

"நீங்க குடுத்த மருந்துதான வைத்தியரையா கேட்டுது?" என்று ஆச்சி தழுதழுத்தார்.

"நான் குடுத்ததுனாலதான் சொல்லுதேன். ஆட்டோவைக் கூப்பிடுங்க."

*

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்தார்கள். டெங்கு. 1,50,000-க்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் 40,000-க்கு வந்திருந்தன. என் கண் அந்த எண்ணிலேயே நின்றுவிட்டது. டாக்டரம்மாள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு எண்ணைக் காட்டினார். ரத்தம் எவ்வளவு கெட்டியாகியிருக்கிறது என்று காட்டும் எண் அது.

"புது மண்பானையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் வெளிப்புறம் கசியுமே, பார்த்திருக்கிறீர்களா? இந்தக் காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு ரத்தக் குழாய் அப்படி ஆகிவிடும். ரத்தத்தின் நீர் வெளியே கசியும். உள்ளே ரத்தம் கெட்டியாகும். கை கால் குளிரும், சிறுநீர் நின்றுபோகும். காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் இது ஆரம்பிக்கும். ஒரு நாள், இரண்டு நாள் இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் பிழைத்துக்கொள்வான்."

"என்ன மருந்து, டாக்டர்?"

"இந்த வைரஸைக் கொல்ல எங்களிடமும் மருந்து இல்லை. உப்புத் தண்ணீர்தான் மருந்து. அதைக் கணக்காக ஏற்ற வேண்டும். குறைந்தாலும் ஆபத்து. கூடினாலும் ஆபத்து, கசிந்த தண்ணீர் திரும்ப உள்ளே வரும்போது மூச்சு முட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'எங்களிடமும் மருந்து இல்லை' என்று ஒரு டாக்டர் வாயால் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. மருந்து இல்லாத வைத்தியம் எப்படி நடக்கிறது என்பதை அந்த இரண்டு இரவுகளும் பார்த்தேன். நர்ஸ் மணிக்கு ஒரு தரம் வருவாள். நாடி, ரத்த அழுத்தம், கை கால் சூடு, சிறுநீரின் அளவு, எல்லாவற்றையும் தாளில் எழுதுவாள். சொட்டுக்களை எண்ணித் திருகைத் திருப்புவாள். வைத்தியம் என்பது இவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணிக்கைக்கு மாற்றாக உலகத்தில் வேறு ஒன்றும் இல்லை.

ஆச்சி கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னால் போகவில்லை. இரண்டாம் நாள் டாக்டரம்மாள் வந்தபோது, "நான் கஷாயம் குடுத்தது தப்பா தாயி?" என்று கேட்டுவிட்டார்.

"கஷாயம் கொடுத்ததற்காக நான் கோபிக்கவில்லை, பாட்டி. இன்னும் இரண்டு மணி நேரம் கழித்துக் கொண்டு வந்திருந்தால் கோபித்திருப்பேன்" என்றார் அவர். 'நாளைக்குப் போனால் போகிறது' என்றவள் நான். அந்தப் பதில் ஆச்சிக்குச் சொன்னது. ஆனால் எனக்குத்தான் உறைத்தது.

*

அன்று ராத்திரி வராந்தாவில் எனக்குத் துணையாக இருந்தவர், கல்யாணத்துக்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த என் நாத்தனார். தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தோம்.

"நம்ம வீட்டுச் சண்டை எனக்குப் புதுசே இல்லை மதினி. எங்க பக்கத்துக் குடித்தனத்துல ஒரு சீனப் பாட்டி இருக்காங்க. பேரனுக்குக் காய்ச்சல்னா மருந்துக் கடையில வேர், பூ, பட்டைன்னு பொட்டலம் கட்டி வாங்கி வந்து மண் சட்டியில காய்ச்சுவாங்க. மருமக பாரஸிட்டமாலை ஒளிச்சு வச்சிருப்பா. அந்தப் பாட்டி ஒரு நாள் எனக்கு ஒரு காய்ஞ்ச செடியைக் காட்டினாங்க. நாக்குல வச்சேன். நம்ம நிலவேம்பேதான்!"

நான் நம்பவில்லை. சென்னைக்கு வந்தபின் தேடிப் படித்ததில் அவர் சொன்னது உண்மைதான். நிலவேம்பைச் சீன வைத்தியர்கள் 'சுவான் சின் லியன்' என்கிறார்கள். நெஞ்சைத் துளைக்கும் தாமரை என்று அர்த்தமாம். அந்தக் கசப்பைக் குடித்தவர் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். தொண்டைக் கட்டுக்கும் ஜுரத்துக்கும் நம்மைப் போலவே கொடுக்கிறார்கள். 2003-ல் சார்ஸ் நோய் சீனாவில் பரவியபோது, 'பான் லான் கென்' என்ற வேருக்காகக் கடைகளில் அடிபிடியாக இருந்ததாம். நம் ஊரில் தூக்குவாளியோடு நின்ற வரிசை எனக்கு ஞாபகம் வந்தது. குழந்தை கொதிக்கும்போது தாய்மார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? எந்தத் தேசமானால் என்ன?

ஆனால் படிக்கப் படிக்க வேறொன்றும் தெரிந்தது. மூலிகை என்றால் தீங்கே இல்லை என்பது பெரிய தவறு. நிலவேம்புச் சத்தைக் கொண்டு சீனாவில் ஓர் ஊசி மருந்து செய்து வைரஸ் காய்ச்சலுக்குப் போட்டு வந்தார்கள். சிலருக்குக் கடும் குளிரும் நடுக்கமும் கண்டதால், 2017-ல் அந்த அரசாங்கமே சில தொகுதிகளைத் திரும்பப் பெறச் செய்தது. நாம் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூ இருக்கிறதே, அதிலிருந்து எடுக்கும் ஒரு அமிலத்திலிருந்துதான் 'டாமிஃப்ளூ' என்ற ஃப்ளூ மருந்தைச் செய்தார்கள். அதற்காக அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் ஃப்ளூ போகாது. அந்த அமிலம் பல படிகளில் மாறித்தான் மருந்தாகிறது. அன்னாசிப்பூவைப் போலவே தோற்றம் கொண்ட ஜப்பான் ஜாதி ஒன்று விஷம். அன்னாசிப்பூக் கஷாயம் குடித்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததால், குழந்தைகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று 2003-ல் அமெரிக்க அரசாங்கம் எச்சரித்தது.

சீனத்து அம்மாள் ஒருவரைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. து யூயூ என்று பெயர். 1967-ல் சீனாவில் மலேரியாவுக்கு மருந்து தேடும் ரகசியத் திட்டம் ஒன்று ஆரம்பமாயிற்று. பிற்பாடு அதில் சேர்ந்த இவர் பழைய சுவடிகளை எல்லாம் புரட்டினார். ஒரு பச்சிலை சில சமயம் வேலை செய்தது, சில சமயம் செய்யவில்லை. ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்திய நூல் ஒன்றில், அந்த இலையைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிழிந்து குடிக்கும்படி இருந்தது. காய்ச்சும்படி இல்லை! கொதிக்க வைத்தால் அதன் சத்து கெடுகிறதோ என்று அவருக்குத் தோன்றிற்று. சூடு காட்டாமல் சத்தைப் பிரித்தார், பலித்தது. மற்றவர்களுக்குக் கொடுக்கும் முன் தாமே குடித்துப் பார்த்தார். 2015-ல் நோபல் பரிசு பெற்றார். மலேரியா வைரஸ் நோய் அல்ல என்பது வாஸ்தவம். ஆனால் பாட்டி சொன்னதை அப்படியே நம்பவும் இல்லாமல், தூக்கி எறியவும் இல்லாமல், 'சோதித்துப் பார்ப்போம்' என்றாரே, அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நம் நிலவேம்பையும் ஆராய்கிறார்கள். ஆனால் அதைக் குடித்த குழந்தைக்கு டெங்கு ஆபத்து வராது என்று நிரூபணம் ஆகவில்லை. எங்கள் வீட்டுக் குழந்தையே அதற்குச் சாட்சி.

*

மூன்றாம் நாள் காலை பையன் கண்ணை விழித்து, "ஆச்சி, தோசை" என்றான். ஆச்சி அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரர்கள் பயந்து எழுந்துவிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு பேர் டார்ச் விளக்கோடு வந்தார்கள். புறவாசலில் கல்யாணத்துக்கென்று நீர் நிரப்பி வைத்த சிமெண்டுத் தொட்டி. அதில் வெளிச்சத்தைப் பாய்ச்சி, "ஆச்சி, இங்கே பாருங்க" என்றார்கள். தெளிந்த தண்ணீர். அதில் தலைகீழாகத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன புழுக்கள். டெங்குக் கொசு சாக்கடையில் வளர்வதில்லையாம். நாம் சுத்தமாகப் பிடித்து வைத்த தண்ணீரில்தான் வளர்கிறது, பகலில்தான் கடிக்கிறது. கடித்து நாலு நாள் முதல் பத்து நாளைக்குள் காய்ச்சல் வரும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அருவிக்குப் போனதற்கு மறுநாள் காய்ச்சல். ஆகவே கடி அதற்கு முன்பே, பெரும்பாலும் இந்த வீட்டிலேயே விழுந்திருக்கிறது.

"தண்ணியைக் கொட்டிட்டா போதுமா தம்பி?" என்று கேட்டார் ஆச்சி.

"போதாது ஆச்சி. முட்டை சுவரில ஒட்டிக்கிட்டிருக்கும். காய்ஞ்சாலும் மாசக்கணக்கில சாகாது. வாரம் ஒரு தரம் தேய்ச்சுக் கழுவணும், மூடி போடணும்."

ஆச்சி ஒன்றும் பேசவில்லை. தென்னை நார்த் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தொட்டிக்குள் இறங்கினார். அறுபத்தெட்டு வயசு. நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். அன்று முதல் வெள்ளிக்கிழமை என்றால் தலை முழுக்கு, விளக்கு, தொட்டி கழுவுதல் என்று ஆயிற்று. மூன்றில் எது தவறினாலும் மூன்றாவது தவறாது.

2020-ல் கொரோனா வந்தபோது, அரசாங்கம் கொடுத்த கபசுரக் குடிநீரைப் பதினான்கு வயதுப் பேரனுக்கு ஆச்சி தவறாமல் காய்ச்சிக் கொடுத்தார். முகக்கவசத்தைக் கழற்றினால் திட்டவும் தவறவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் ஆச்சி காலமானார். பையன் இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். நிலவேம்பு என்றால் இன்றும் அறையை விட்டு ஓடுகிறான்.

குடும்பத்தில் எந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ஆச்சிக்குத்தான் டெலிபோன் வரும். கடைசி வரைக்கும் அவர் கேட்ட கேள்விகள் எனக்கு மனப்பாடம். இப்போது அந்த டெலிபோன் எனக்கு வருகிறது. நானும் அதையே கேட்கிறேன்.

"காய்ச்சல் என்னைக்குத் தொடங்கிச்சு? ரத்தம் பாத்தாச்சா? வயித்து வலி இருக்கா, வாந்தி நிக்காம வருதா? பல் ஈறுலயோ மூக்குலயோ ரத்தம் கசியுதா? காலைத் தொட்டுப் பாரு, குளுந்திருக்கா? ஒண்ணுக்கு எப்பப் போனான்?"

மறுமுனையில் யாராவது, "காய்ச்சல் விட்டுட்டு ஆச்சி, கஷாயம் குடுக்கலாமா?" என்பார்கள்.

"கஷாயம் கெடக்கட்டும். ஒண்ணுக்கு எப்பப் போனான்னு கேட்டேனே, அதுக்குப் பதில் சொல்லுளா!"